எந்த வயதுக்கு எந்தப் படம்?

2023 மார்ச் 30ஆம் தேதி காலை, சென்னை கோயம்பேட்டில் உள்ள ஒரு திரையரங்குக்கு 'பத்து தல' படம் பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தினரை ஊழியர்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள். கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை. அந்த வீடியோ சில மணி நேரத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கண்டனங்கள் குவிந்த நிலையில், அவர்கள் பிறகு படம் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். நிர்வாகம் ஒரு விளக்கமும் கொடுத்தது: படத்துக்கு 'யுஏ' சான்றிதழ், வந்தவர்களோடு 2, 6, 8, 10 வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள், 12 வயதுக்கு உட்பட்டவர்களைச் சட்டப்படி அனுமதிக்க முடியாது.

அந்த விளக்கம் தவறானது. அன்று அமலில் இருந்த சட்டப்படி, 'யுஏ' என்றால் படம் எல்லோருக்கும் திறந்தது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அந்தப் படம் ஏற்றதா என்பதைப் பெற்றோரோ பாதுகாவலரோ யோசித்து முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களோடுதான் வந்திருந்தார்கள். சாதியும் உடையும் பார்த்து நிறுத்தியதற்கு ஒரு சான்றிதழ் கவசமாகப் பிடிக்கப்பட்டது என்பதே என் கருத்து. என்னைக் கூடுதலாக உறுத்துவது வேறொன்று. இந்த விளக்கத்தைப் படித்தவர்களில் பலர் அதை நம்பினார்கள். நாற்பது ஆண்டுகளாகத் திரையில் பார்த்துவரும் ஓர் எழுத்துக்கு என்ன பொருள் என்று படம் பார்க்கிறவர்களுக்கும் தெரியவில்லை, படம் ஓட்டுகிறவர்களுக்கும் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளையர் ஆட்சியில் 1918இல் முதல் ஒளிப்பதிவுச் சட்டம் வந்தது. 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. அன்றைய கவலை குழந்தைகளைப் பற்றியதல்ல, ஆட்சியைப் பற்றியது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே மத்திய வாரியம் உருவாகி, 1952ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. எல்லோருக்கும் 'யு', வயது வந்தவர்களுக்கு மட்டும் 'ஏ' என்ற இரண்டே பிரிவுகள் அந்தச் சட்டத்துக்குச் சற்று முன்பே வந்திருந்தன. தமிழில் முதன்முதலில் 'ஏ' வாங்கிய படமாகத் திரைப்பட வரலாற்றில் குறிக்கப்படுவது எம்.ஜி.ஆர். நடித்து 1951இல் வந்த 'மர்மயோகி'. காரணம் அதில் வரும் பேய்க் காட்சி. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தால் பயப்படுவார்களா என்பது சந்தேகம்தான். ஆனால், குழந்தை எதற்குப் பயப்படும் என்று அன்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை சரியான திசையில்தான் இருந்தது.

1970இல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நகரங்களில் ஏழைகளும் பணக்காரர்களும் வாழும் வாழ்க்கையைக் காட்டிய அவருடைய ஆவணப்படத்துக்கு 'யு' மறுக்கப்பட்டதே வழக்கின் தொடக்கம். தலைமை நீதிபதி இதாயத்துல்லா தலைமையிலான அமர்வு, திரைப்படத்துக்கு முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சொன்னது. படங்களை வயதுவாரியாகப் பிரிப்பது நியாயம் என்றும் ஏற்றுக்கொண்டது. 1983இல் 'யுஏ'வும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கான 'எஸ்' பிரிவும் சேர்ந்தன. அதே ஆண்டு வாரியத்தின் பெயரும் சான்றிதழ் வாரியம் என்று மாறியது.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் அந்த 'யுஏ' ஒரே மூட்டையாக இருந்தது. 5 வயதுப் பிள்ளைக்கு லேசாகப் பயம் தரக்கூடிய படமும், 15 வயதுப் பையனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் படமும் அதே முத்திரையோடு வந்தன. 2016இல் இயக்குநர் ஷ்யாம் பெனகல் தலைமையிலான குழு அதை 12க்கு மேல், 15க்கு மேல் என்று பிரிக்கச் சொன்னது. 2023 ஜூலையில்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 'யுஏ 7+', 'யுஏ 13+', 'யுஏ 16+' என்று மூன்றாகப் பிரிந்தது. 2024 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. திருத்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு: இந்த வயதுக் குறிப்புகள் பெற்றோரும் பாதுகாவலரும் முடிவெடுக்க உதவுவதற்காக, அவர்களைத் தவிர வேறு யாரும் இவற்றைக் கட்டாயப்படுத்த முடியாது. கோயம்பேட்டில் நடந்ததற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. 'ஏ' மட்டும் வேறு. 18 நிரம்பாதவரை 'ஏ' படத்துக்கு அனுமதிப்பது திரையரங்கின் குற்றம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்கு, பெற்றோர் கூட வந்தாலும் அது மாறாது.

சான்றிதழ் எப்படி முடிவாகிறது என்று பார்ப்போம். வாரியத்துக்கு மும்பையில் தலைமை அலுவலகம். சென்னை உட்பட ஒன்பது இடங்களில் மண்டல அலுவலகங்கள். ஒரு முழுநீளப் படத்தை வாரிய அதிகாரி ஒருவரும் ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் நால்வரும் பார்ப்பது நெடுநாள் நடைமுறை. அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் எந்தப் பிரிவு, எங்கே வெட்டு என்று பரிந்துரைக்கிறார்கள். தயாரிப்பாளருக்கு ஒப்புதல் இல்லையென்றால் மறுஆய்வுக் குழு. அதற்கு மேல் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான்.

படம் தொடங்கும் முன் சில விநாடிகள் அந்தச் சான்றிதழ் திரையில் நிற்கும். ரசிகர்கள் விசிலடிக்கத் தயாராகிக்கொண்டிருக்கும் நேரம் அது. படத்தின் பெயர், மொழி, நீளம், விண்ணப்பதாரர் பெயர், பார்த்த உறுப்பினர்களின் பெயர்கள், பெரிதாக ஓர் எழுத்து. பழைய சான்றிதழ்களில் மூலையில் ஒரு முக்கோணம் இருந்தால் அந்தப் படத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். இத்தனை விவரம் இருக்கிறது. ஒரு தாய்க்குத் தேவையான விவரம் மட்டும் இல்லை. படத்தில் என்ன இருக்கிறது? ரத்தமா, பாலியல் வன்முறையா, கெட்ட வார்த்தையா, தற்கொலைக் காட்சியா? எதனால் 13+, எதனால் 16+? சான்றிதழ் சொல்வதில்லை. போஸ்டரிலும் இல்லை, டிக்கெட்டிலும் இல்லை. அப்படியே திரையில் எழுதிக் காட்டினாலும் அது காலம் கடந்த தகவல்தான். டிக்கெட் எடுத்து, பாப்கார்ன் வாங்கி, பிள்ளையை மடியில் உட்கார வைத்த பிறகு எந்தக் குடும்பமும் எழுந்து போகாது.

வயதைக் குறித்தே பேசுவோம். 7, 13, 16 என்ற எண்களுக்குப் பின்னால் ஒரு பொருள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரை வைத்து 1980களில் அவரும் சக ஆய்வாளரும் செய்த ஆய்வு புகழ்பெற்றது. சாதாரண மனிதன் பச்சை நிறத்தில் பூதாகரமாக மாறும் காட்சியில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மிரண்டுபோனார்கள். அவன் நல்லவன், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றத்தான் அப்படி மாறுகிறான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை புரிந்தது, அங்கே பயம் மிகக் குறைவாகவே இருந்தது. சின்னக் குழந்தை தோற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. வளர்ந்த பிள்ளை நடக்கக்கூடியதை நினைத்துப் பயப்படுகிறது: அப்பா அம்மாவைப் பிரிவது, கடத்தல், தீ, போர். 'அது நிஜமில்லடா' என்று நாம் சொல்லும் சமாதானம் ஆறேழு வயதுக்குக் கீழே பெரிதாக வேலை செய்வதில்லை. கையைப் பிடித்துக்கொள்வதும், மடியில் வைத்துக்கொள்வதும், எழுந்து வெளியே கூட்டிப்போவதும்தான் வேலை செய்யும்.

இதை மனத்தில் வைத்து நம்முடைய சான்றிதழ்களைப் பார்த்தால் ஒரு கோணல் தெரியும். நம் வாரியம் நெடுங்காலமாக அளந்துவந்தது எவ்வளவு உடல் தெரிகிறது, எந்த வார்த்தை காதில் விழுகிறது என்பதைத்தான். எவ்வளவு வலி காட்டப்படுகிறது, அந்த வலியைக் கொடுப்பவன் யார், அவனுக்குக் கைதட்டல் விழுகிறதா என்ற கேள்விகள் பின்னால் நின்றன. நாயகன் பத்துப் பேரின் எலும்பை நொறுக்கலாம். 'யு'வும் கிடைக்கும், 'யுஏ'வும் கிடைக்கும். கெட்டவார்த்தையை ஊமையாக்கினால் போதும். வார்த்தை போய்விடும், அடி அப்படியே இருக்கும்.

இது நமக்கு மட்டும் உரிய கோணல் அல்ல. அமெரிக்காவில் 1984இல் ஸ்பீல்பெர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் பாகமும் 'கிரெம்லின்ஸ்' படமும் பெற்றோரை அதிர வைத்தபின், 13 வயதை எல்லையாகக் கொண்ட புதிய பிரிவை உருவாக்கினார்கள். யோசனையைச் சொன்னவரே ஸ்பீல்பெர்க்தான். அது பிள்ளைகளைக் காக்க வந்த பிரிவு. 2013இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு என்ன சொன்னது? அதிக வசூல் பெற்ற படங்களில், அந்தப் பிரிவைச் சேர்ந்தவற்றில் துப்பாக்கி வன்முறை 1985க்குப் பிறகு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது. 2012இல் பெரியவர்களுக்கான பிரிவையே அது தாண்டிவிட்டது. வேலியை எங்கே போட்டாலும் வியாபாரம் அதை ஒட்டியே வந்து நிற்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் தவறு நடக்கிறது. பிரிட்டனில் கென் லோச் இயக்கிய 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' 2002இல் வந்தது. ஸ்காட்லாந்தில் வறுமையில் வளரும் ஒரு 15 வயதுப் பையனின் கதை. கெட்ட வார்த்தைகளுக்காக அதற்கு 18 சான்றிதழ் கொடுத்தார்கள். தன் வாழ்க்கையையே திரையில் பார்க்கும் உரிமை அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது. படம் எடுக்கப்பட்ட பகுதியின் உள்ளாட்சி மன்றம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை 15 என்று மாற்றியது. அமெரிக்காவில் பள்ளிகளில் நடக்கும் கொடுமையைப் பற்றிய 'புல்லி' ஆவணப்படத்துக்கும் இதே கதி. மாணவர்கள் பார்க்க வேண்டிய படத்தைப் பெரியவர் துணையில்லாத மாணவர்களுக்கு மூடினார்கள். பெரிய எதிர்ப்புக்கும் சில சொற்களை நீக்கியதற்கும் பிறகு 2012இல்தான் திறந்தார்கள். நம்மூரில் 'விடுதலை' முதல் பாகம் 2023இல் 'ஏ' வாங்கியது. ஒரு திரையரங்கில் பிள்ளைகளோடு வந்தவர்கள் தடுக்கப்பட்டு வாக்குவாதம் மூண்டது. காவல் நிலைய வதைக் காட்சிகளைச் சிறுவர்கள் பார்க்கக்கூடாது என்ற முடிவோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் ஓர் எழுத்தை மட்டும் நீட்டினால், அங்கே கேட்கப்பட்ட கேள்வியை நியாயமில்லாதது என்று தள்ள முடியாது: குத்துப்பாட்டும் கொலைவெறியும் உள்ள படத்துக்கு விடுகிறீர்கள், மக்கள் பட்ட பாட்டைக் காட்டும் படத்துக்கு ஏன் விடுவதில்லை?

இனித் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு விஷயம். 2006இல், தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அன்றைய தி.மு.க. அரசு அறிவித்தது. 2011இல் அ.தி.மு.க. அரசு அந்த நிபந்தனையை மாற்றியது. பெயர் மட்டும் போதாது, 'யு' சான்றிதழும் வேண்டும் என்றது. நல்ல எண்ணம்தான், குடும்பத்தோடு பார்க்கும் படங்கள் வரட்டும் என்ற நினைப்பு. நடந்தது என்ன? 'யு' என்ற எழுத்து பணமானது. 'யுஏ' தகுதியுள்ள படத்தை எடுத்துவிட்டு, 'யு' கேட்டு வாரியத்தின் படியேறினார்கள். இங்கே மூன்று விநாடி, அங்கே ஒரு சொல் என்று வெட்டிக் கொடுத்துப் பேரம் நடந்தது. மறுஆய்வுக் குழுவுக்குப் போனார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்தச் சலுகை முறை முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த ஆறாண்டுகள் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றன. சான்றிதழ் என்பது தயாரிப்பாளர் வாங்கும் பரிசு, 'ஏ' என்பது அவருக்கு விழும் தண்டனை. அது பெற்றோருக்குச் சேர வேண்டிய தகவல் என்ற நினைப்பு பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது.

வரிச் சலுகை போனாலும், 'ஏ'வைத் தவிர்க்க வேறு காரணங்கள் இருக்கின்றன. 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். தொலைக்காட்சி உரிமைக்கான பேச்சில் அது இடிக்கும். அதைவிடப் பெரியது முதல் வார வசூல். தமிழ்நாட்டில் பெரிய நடிகரின் படம் என்றால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். 'ஏ' என்றால் அந்த வரிசை உடையும்.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது துலங்கும். 2023இல் ரஜினிகாந்த் நடித்த 'ஜெயிலர்' 'யுஏ' பெற்றது. தலை துண்டாகும் அளவுக்கு வன்முறை உள்ள படத்துக்கு அது எப்படித் தகும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடப்பட்டது. அது நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் அதே நடிகர், அதே தயாரிப்பு நிறுவனம், படம் 'கூலி', கிடைத்தது 'ஏ'. இப்போது நீதிமன்றத்துக்குப் போனது தயாரிப்புத் தரப்பு. இதே அளவு சண்டையுள்ள வேறு படங்களுக்கு 'யுஏ' கொடுத்தீர்களே என்பது அவர்கள் வாதம். வெட்டுகளை ஏற்றால் 'யுஏ' தருவதாகச் சொன்னோம், அவர்கள்தான் 'ஏ'வை ஏற்றுக்கொண்டார்கள் என்றது வாரியம். மனு தள்ளுபடியானது. தயாரிப்பாளரின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: அளவுகோல் படத்துக்குப் படம் மாறுவதுபோலத்தான் தெரிகிறது. அந்த அளவுகோலை எழுதி வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் காரணத்தை வெளியிட்டால் இந்த வழக்குகளில் பாதி எழாது. எங்கள் வீட்டுப் பிள்ளை இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இரண்டு வழக்கிலும் ஓரத்தில்தான் நின்றது என்பது என் வருத்தம்.

காரணம் சொல்வது நடக்காத காரியம் அல்ல. நெதர்லாந்தில் 2001 முதல் 'கெய்க்வைசர்' என்ற முறை இருக்கிறது. வயது எண்ணோடு சின்னச் சின்னப் படக்குறிகள் போடுகிறார்கள்: வன்முறைக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, பாலுறவுக்கு, பாகுபாட்டுக்கு, போதைப்பொருளுக்கு, கெட்டவார்த்தைக்கு ஒவ்வொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பிரிட்டனில் சான்றிதழோடு ஒரு வரி விளக்கமும் தருகிறார்கள். தமிழ்ப் படங்கள் வாராவாரம் ஓடும் சிங்கப்பூரில் அறிவுரைக்கு 13, கட்டாயத்துக்கு 16, 18, 21 என்று படிகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. எது ஆலோசனை, எது தடை என்பதில் வாசல் ஊழியருக்குக் குழப்பம் வராது. நூறாண்டு பழைய தணிக்கை அலுவலகத்தைச் சுவீடன் 2011இல் மூடிவிட்டது. பெரியவர்களுக்குத் தணிக்கையே இல்லை, பிள்ளைகளுக்கு வயதுவரம்பு மட்டும் உண்டு.

இங்கே ஓர் அச்சத்தைச் சிலர் எழுப்புவார்கள்: காரணத்தை எழுதினால் அதுவே விளம்பரமாகி, பையன்கள் அதைத் தேடிப் போக மாட்டார்களா? அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் இதைத்தான் ஆராய்ந்தார். எச்சரிக்கை முத்திரை வன்முறை நிகழ்ச்சிகள் மீது ஆசையைக் கூட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும் தகவல் முத்திரை அப்படி ஈர்க்கவில்லை. ஒற்றை எழுத்தான 'ஏ' முதல் வகையைச் சேர்ந்தது. நமக்குத் தேவை இரண்டாவது.

இன்னும் வியப்பான உண்மை, இந்தியச் சட்டமே இதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களுக்கு ஐந்து வயதுப் பிரிவுகளை வகுத்தன. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வயதோடு உள்ளடக்க விளக்கமும் காட்ட வேண்டும், 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி தர வேண்டும் என்றன. ஒரே படம், ஒரே குழந்தை. வீட்டு டிவியில் பார்த்தால் காரணம் தெரியும். காசு கொடுத்துத் திரையரங்கில் பார்த்தால் தெரியாது. இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

ஓடிடி பூட்டும் முழுப் பாதுகாப்பல்ல. நம் வீடுகளில் ஒரு கைபேசி நாலு பேர் கையில் சுற்றுகிறது. பாஸ்வேர்டு பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். குழந்தைகளுக்கென்று தனி புரொஃபைல் இருப்பது பல தாய்மாருக்குத் தெரியாது. யூடியூபில் வரும் பாடல் வீடியோவுக்கும் ரசிகர்கள் வெட்டி ஒட்டிய சண்டைத் துணுக்குக்கும் எந்தச் சான்றிதழும் இல்லை. 'ஏ' படத்தின் மிகக் கொடூரமான முப்பது விநாடி, படம் வந்த அன்றே எட்டு வயதுப் பிள்ளையின் விரல்நுனிக்கு வந்துவிடுகிறது. பள்ளி ஆண்டுவிழா மேடையில் இரட்டை அர்த்தப் பாட்டுக்குக் குழந்தைகளை ஆடவிட்டுக் கைதட்டும் பெரியவர்களும் நாமேதான். வாரியத்தைக் குறைசொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனவே வாரியத்திடம் கேட்க வேண்டியவை சில. சான்றிதழின் எழுத்துக்குப் பக்கத்தில் காரணத்தைத் தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதுங்கள். அதைப் போஸ்டரிலும் டிக்கெட் பதிவுப் பக்கத்திலும் கவுண்டரிலும் போடச் சொல்லுங்கள். படத்தைப் பார்க்கும் குழுவில் குழந்தை மனநல மருத்துவர் ஒருவரும் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். 'யுஏ' யாரையும் வாசலில் நிறுத்தும் அதிகாரம் அல்ல என்பதை ஒவ்வொரு திரையரங்கின் வாசலிலும் பலகையாக எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். புதிய முறையில் 7+, 13+, 16+ என்ற எண்கள் வந்துவிட்டன. டிக்கெட் போடும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம், உள்ளே என்ன இருக்கிறது, என் பிள்ளைக்கு ஆறு வயது, கூட்டிப் போகலாமா என்று கேளுங்கள். போனபின் பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டாலோ உங்கள் கையை இறுக்கிப் பிடித்தாலோ, டிக்கெட் காசைப் பார்க்காமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.